மூன்று ஆசிரியர்களும் ஆங்கிலச் சொற்களும்

ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளைப் பற்றி இருவருக்கிடையே வாதம் மூளுமாயின், அதனைத் தீர்த்துவைக்க மூன்றாமவர் ஒருவரை அழைப்பது வழக்கமன்று. அகராதியைக் கொண்டுவரும்படி சொல்வதே வழக்கம். அகராதி விரிக்கப்படும், அதிற் கண்ட வரி உரக்க வாசிக்கப்படும், வாதமும் அவ்வளவில் ஓய்ந்துவிடும். நீதிமன்றத்தில் நீதிபதிக்குள்ள இடம் மொழியுலகில் அகராதிக்கு உண்டு என்பதே பெரும்பாலாரின் எண்ணம். ஆனால் அகராதிக்கு அந்த அதிகாரத்தை வழங்கியவர் யார்? அரசனா, பாராளுமன்றமா, பல்கலைக்கழகமா? அகராதி செய்தவர்கள்தாமும் அத்தகைய அதிகாரம் தமக்கு உண்டென்று கருதினார்களா?

இவ்வினாக்களுக்கு விடை ஆங்கில அகராதியின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது. அவ்வரலாற்றின் மூன்று திருப்பங்களில் மூன்று மனிதர் நிற்கின்றனர். மூவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பது கருதத்தக்கது. பிழை கண்டவிடத்துத் திருத்துவது ஆசிரியர் தொழில். அத்தொழிலிற் பழகியவர்கள் சொற்களைத் திருத்தப் புகுந்து, ஈற்றிற் சொற்களிடம் பாடங்கேட்டு நின்ற கதையே ஆங்கில அகராதியின் கதை.

முதலாமவர் றொபேட் கோட்றி. இங்கிலாந்தின் றட்லண்ட் மாவட்டத்தில், ஓக்கம் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்து, பின்னர் குருவானவராகி, திருச்சபை விதிகளோடு முரண்பட்டமையால் அப்பதவியை இழந்தவர். 1604ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறி, நெடுங்கணக்கு வரிசையில் அமைத்த முதல் அகராதி அதுவே. அதில் இருந்தவை ஏறக்குறைய 2,500 சொற்கள். அவையும் அருஞ்சொற்கள் மாத்திரமே. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து புதுச்சொற்கள் வெள்ளம்போல ஆங்கிலத்தினுட் புகுந்த காலம் அது. பிரசங்கங்களிலும் நூல்களிலும் அவற்றைக் கேட்டு மயங்கிய பெண்களுக்கும், உயர்கல்வி பெறாத ஏனையோருக்கும் உதவுவதே தம் நோக்கமென அவர் அறிவித்தார்.

அகராதி என்பதே புதிதாகையால் அதனைப் பார்க்கும் முறையையும் அவர் கற்பிக்க வேண்டியிருந்தது. நெடுங்கணக்கை முதலில் மனனஞ் செய்துகொள்ளவேண்டும். முதலெழுத்தை நோக்கி, அது நெடுங்கணக்கின் தொடக்கத்ததாயின் நூலின் முற்பகுதியிலும், இறுதியதாயின் பிற்பகுதியிலும் தேடவேண்டும் என்று அவர் பொறுமையோடு விளக்குகின்றார். இதற்குப் பத்தாண்டு முன்னர், 1594ஆம் ஆண்டில், தமிழிலே சிதம்பர இரேவண சித்தர் என்பவர் சொற்களை அகர வரிசைப்படுத்தி அகராதி நிகண்டினை இயற்றியிருந்தார். செய்யுளை மனனஞ் செய்து பொருளறியும் நிகண்டு மரபில் ஊறியிருந்த தமிழுலகிற்கும் அந்த வரிசை புதுமையானதே. ஒருவரையொருவர் அறியாது, ஒரே காலத்தில், இரு மொழிகளில் இவ்வொழுங்கு தோன்றியது வியக்கத்தக்கது.

கோட்றிக்குச் சொற்களை ஆளும் எண்ணம் இருக்கவில்லை. அருஞ்சொல்லை எளிய சொல்லால் விளக்குவதோடு அவர் பணி முடிந்தது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கிலாந்திற் கற்றோர் மனநிலை மாறிற்று. பிரான்சிலே 1635ஆம் ஆண்டில் அரசின் ஆதரவோடு ஒரு மொழிக்கழகம் நிறுவப்பட்டது. நாற்பதின்மர் அங்கம் வகித்த அக்கழகம் 1694ஆம் ஆண்டில் பிரெஞ்சு அகராதியை வெளியிட்டது. அதுபோன்ற கழகமொன்று இங்கிலாந்திலும் அமையவேண்டும், அது ஆங்கிலத்தைத் திருத்தி என்றும் மாறாதவாறு நிலைநிறுத்தவேண்டும் என்னும் குரல் எழுந்தது. 1712ஆம் ஆண்டில் ஜொனதன் ஸ்விப்ட் இக்கருத்தை வற்புறுத்தி ஒரு சிறுநூல் எழுதினார்.

ஸ்விப்டுக்கு மிகவும் வெறுப்பூட்டிய சொற்களுள் ஒன்று 'மொப்' என்பது. நிலையில்லாத கூட்டம் எனப் பொருள்படும் நீண்ட இலத்தீன் தொடரொன்றின் தலையை மாத்திரம் வெட்டியெடுத்து மக்கள் ஆக்கிய குறுஞ்சொல் அது. அதனை ஒழிக்க அவர் தம் எழுதுகோலின் கூர்மை முழுவதையும் பயன்படுத்தினார். பயன் யாது? கழகம் அமையவில்லை. அவர் பழித்த சொல்லோ இன்றும் ஆங்கிலத்தில் உலாவுகின்றது. அதனைப் பிழையென்று கூறுவார் எவருமிலர்.

இச்சூழலிலேதான் இரண்டாமவரான சாமுவேல் ஜோன்சன் தோன்றுகின்றார். 1709ஆம் ஆண்டில் லிச்பீல்ட் நகரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் சென்றும் வறுமையால் ஓராண்டளவிற் படிப்பை இடைநிறுத்தினார். பின்னர் சொந்த ஊருக்கு அண்மையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். சில மாணவரே வந்து சேர்ந்தமையால் அதுவும் விரைவில் மூடப்பட்டது. அம்மாணவருள் ஒருவரான டேவிட் கரிக் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்புகழ் நடிகராக விளங்கினார். ஆசிரியத் தொழிலிற் தோற்ற ஜோன்சன் இலண்டனுக்கு வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார்.

1746ஆம் ஆண்டில் இலண்டன் புத்தக வெளியீட்டாளர் சிலர் ஒன்றுகூடி அவரோடு ஒப்பந்தம் செய்தனர். கூலி 1,500 கினி, அதாவது 1,575 பவுண். எழுத்தருக்குக் கொடுக்கும் சம்பளமும் அதனுள் அடங்கும். மூன்றாண்டில் முடித்துவிடலாம் என ஜோன்சன் கணக்கிட்டார். பிரெஞ்சுக் கழகத்தார் நாற்பதின்மர் நாற்பது ஆண்டு உழைத்ததை நினைவூட்டிய நண்பரிடம், நாற்பதை நாற்பதாற் பெருக்கினால் 1,600 ஆகும், ஆகவே ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு 1,600 என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை பலிக்கவில்லை, மூன்றாண்டு ஒன்பது ஆண்டாகியது.

இலண்டனில் கவ் சதுக்கத்திலிருந்த வீட்டின் மேல்மாடியில் வேலை நடந்தது. எழுத்தர் அறுவருள் ஐவர் ஸ்கொத்லாந்துக்காரர். ஜோன்சன் நூல்களை வாசித்து, பொருளை நன்கு விளக்கும் வாக்கியங்களைக் கரிக்கோலாற் குறித்துக்கொடுப்பார். எழுத்தர் அவற்றைத் தனித்தனிக் கடுதாசித் துண்டுகளில் எழுதிச் சேர்ப்பர். இவ்வேலை நடந்துகொண்டிருக்கையில், 1752ஆம் ஆண்டில், அவருடைய மனைவியார் காலமானார். பணம் தீர்ந்தது, உடல்நலமும் குன்றியது. முதலில் ஆதரவு காட்டுவார்போலத் தோன்றிய செஸ்டர்பீல்ட் பிரபு ஏழாண்டு காலம் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1754ஆம் ஆண்டின் இறுதியில், நூல் வெளிவரும் தருணத்தில், அப்பிரபு ஒரு பத்திரிகையில் இரு கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலச் சொல்லுலகிற்கு ஒரு சர்வாதிகாரி தேவை, அப்பதவிக்குரியவர் ஜோன்சனே, அவர் கட்டளைக்கு எல்லாரும் பணியவேண்டும் என்பது அவற்றின் சாரம். 1755ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜோன்சன் பிரபுவுக்கு விடுத்த மறுமொழிக் கடிதம் ஆங்கில இலக்கியத்திற் புகழ்பெற்றது. வேண்டியபோது வாராத ஆதரவு வேண்டாதபோது வருவதால் பயனில்லை என்பதை அதிற் பணிவான சொற்களால், ஆனால் நெருப்புப்போல எழுதினார். பிரபுவின் ஆதரவை மாத்திரமன்று, பிரபு சூட்டவந்த சர்வாதிகாரி என்னும் முடியையும் அவர் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய தன்மானம் மாத்திரம் அன்று. ஒன்பதாண்டு உழைப்பில் அவர் கற்றுக்கொண்ட பாடமும் அதுவே.

வேலையைத் தொடங்கிய காலத்தில் ஜோன்சனும் ஆங்கிலத்தை நிலைநிறுத்தலாம் என்றே நம்பினார். 1747ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திட்டத்தில் அந்நம்பிக்கை தெளிவாக உண்டு. 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தபோது, அதன் முன்னுரையிலே தம் நம்பிக்கை தவறானது என அவரே ஒப்புக்கொண்டார். மனிதர் பிறந்து மூத்து இறப்பதை எவராலும் தடுக்கமுடியாததுபோல, சொற்கள் பிறப்பதையும் மாறுவதையும் வழக்கொழிவதையும் எந்த அகராதியாலும் தடுக்கமுடியாது என்பது அவர் கண்ட முடிவு. அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் 42,000க்கு மேல். எடுத்துக்காட்டு மேற்கோள்கள் ஓர் இலட்சத்துக்கு மேல். 'எடு' எனப் பொருள்படும் 'ரேக்' என்னும் ஒரு சிறு சொல்லுக்கே நூற்றுக்கு மேற்பட்ட பொருள்வேறுபாடுகளை அவர் பிரித்துக்காட்ட நேர்ந்தது. அத்தனை பொருளையும் அச்சொல்லுக்கு அளித்தவர் எந்தப் பண்டிதரும் அல்லர். அவை மக்கள் வாயிலே விளைந்தவை.

அவர் அகராதியிற் குறும்பும் உண்டு. ஓட்ஸ் என்னும் தானியம் இங்கிலாந்திற் குதிரைக்கு இடப்படுவது, ஸ்கொத்லாந்தில் மனிதருக்கு உணவாவது என்று எழுதித் தம் எழுத்தரையே சீண்டினார். அரசு வழங்கும் உபகாரச் சம்பளம் நாட்டுக்குத் துரோகஞ் செய்வோர் பெறுங் கூலி எனப் பொருளெழுதினார். 1762ஆம் ஆண்டில் ஆண்டொன்றுக்கு 300 பவுண் வீதம் அதே உபகாரச் சம்பளம் அவருக்கே வந்துசேர்ந்தது. குதிரையின் காலில் ஒரு பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் எனத் தவறாகப் பொருள் எழுதியமைக்குக் காரணம் யாதென ஒரு பெண்மணி வினவியபோது, தமது அறியாமையே காரணம் என்று அவர் தயங்காது விடையளித்தார். அகராதியையும் மனிதரே செய்கின்றனர் என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

சொற்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்குச் சில சான்றுகளை இங்கு நோக்குதல் தகும். 'நைஸ்' என்னும் சொல் இன்று இனியது, நல்லது என்னும் பொருளில் நாடோறும் வழங்குவது. அதன் மூலம் அறியாதவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்தபோது மூடன் என்பதே அதன் பொருள். பின்னர் எளிதில் மனநிறைவு கொள்ளாத நுண்சுவையாளனைக் குறித்தது. அதன்பின் நுட்பமானது, துல்லியமானது என்னும் பொருள் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இனியது என்னும் பொருள் ஓங்கியது. ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் 'நொதங்கர் அபி' என்னும் நாவல் 1817ஆம் ஆண்டின் முடிவில் வெளிவந்தது. அதிலே கதாநாயகி எதற்கெடுத்தாலும் இச்சொல்லைக் கூறக்கேட்டு, ஓர் இளைஞன் அவளை எள்ளி நகையாடுகின்றான். அவன் நகையாட்டு இன்றும் சுவைக்கின்றது. ஆயின் வென்றது அப்பெண்ணின் வழக்கே.

'சில்லி' என்பது இன்று அறிவற்ற என்னும் பொருளது. பழைய ஆங்கிலத்தில் அது பேறுபெற்ற என்னும் உயர்பொருள் உடையதாயிருந்தது. பேறுபெற்றவர் கள்ளமற்றவர் ஆயினர். கள்ளமற்றவர் இரங்கத்தக்கவர் ஆயினர். இரங்கத்தக்கவர் ஈற்றில் அறிவிலிகள் ஆயினர். 'நேவ்', 'நைட்' என்னும் இரு சொற்களும் ஆதியிற் சிறுவன் என்னும் ஒரே பொருளைத் தந்தவை. ஒரே வீட்டிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் தாழ்ந்து மற்றவன் உயர்ந்ததுபோல, முன்னது அயோக்கியன் என்னும் பொருளை அடைந்தது. பின்னது அரசன் வழங்கும் வீரப்பட்டம் ஆயிற்று. தமிழில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் என்னும் சொல் இன்று பேச்சுவழக்கில் எப்பொருளில் வழங்குகின்றது என்பதை நினைப்பவர்க்கு இது புதுமையன்று.

இம்மாற்றங்களை வெறும் வேடிக்கை எனத் தள்ளிவிடுதல் கூடாது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்திற் கூறப்படும் காணிக்கையொன்றில் 'மீட்' என்னும் சொல் வருகின்றது. இன்றைய ஆங்கிலத்தில் இறைச்சி என்பதே அதன் பொருள். ஆனால் அக்காணிக்கையோ மாவும் எண்ணெயும் கலந்தது. இறைச்சி அதில் அணுவளவும் இல்லை. அக்காலத்தில் 'மீட்' என்பது உணவு அனைத்துக்கும் பொதுப்பெயர். தமிழ் வேதாகமத்தில் அது போஜனபலி எனப் பொருத்தமாக வழங்குகின்றது. ஆங்கிலத்தில் 1885ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேதான் அச்சொல் நீக்கப்பட்டு, மாவைக் குறிக்கும் சொல் அமைக்கப்பட்டது. அவ்வாறே 'பிறிவென்ற்' என்பது இன்று தடுத்தல், அன்று முந்துதல். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், மரித்தோருக்கு உயிரோடிருப்போர் முந்திக்கொள்வதில்லை என்னும் கருத்துடைய வசனத்தில் இச்சொல் வருகின்றது. இன்றைய பொருளைக்கொண்டு வாசிப்பவர், உயிரோடிருப்போர் மரித்தோரைத் தடுப்பதில்லை என்றே கொள்வர். வாசகம் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை, ஆயினும் கருத்து மாறிவிடுகின்றது. ஒரு நூலைப் பிழைபட விளங்குவதற்கு அதில் ஓரெழுத்தைத்தானும் அழிக்கவேண்டியதில்லை. காலத்தை மறந்தாற் போதும்.

ஆகவே சொல்லின் பொருளை மாத்திரமன்றி, அப்பொருளின் காலத்தையும் காட்டும் அகராதி தேவையாயிற்று. 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழிநூற் சங்கத்தில், வெஸ்ற்மின்ஸ்டர் தேவாலயத் தலைமைக்குரு றிச்சட் ட்ரெஞ்ச் நிகழ்த்திய விரிவுரைகள் இத்தேவையை எடுத்துரைத்தன. அகராதி செய்பவன் மொழியின் வரலாற்றாசிரியன். நல்ல சொல், தீய சொல் எனத் தீர்ப்பளிப்பது அவன் வேலையன்று என்பது அவர் கோட்பாடு. சங்கம் அக்கோட்பாட்டை ஏற்றது. முதற் பதிப்பாசிரியரான ஹேர்பேட் கோல்றிட்ஜ் 1861ஆம் ஆண்டில், முப்பது வயதிற் காலமானார். அவருக்குப் பின் வந்த பேர்ணிவல் ஆர்வமிக்கவராயினும் ஒழுங்குமுறை அற்றவர். வேலை தளர்ந்தது.

அந்நிலையில் அதனைப் பொறுப்பேற்றவரே மூன்றாவது ஆசிரியர், ஜேம்ஸ் மறே. 1837ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் டென்ஹோம் என்னும் கிராமத்திற் பிறந்தவர், தையற்காரரின் மகன், பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பை விட்டவர். தாமே பல மொழிகளைக் கற்று, இலண்டனுக்கு அண்மையிலுள்ள மில் ஹில் பாடசாலையில் ஆசிரியராக விளங்கினார். 1879ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தாரோடு ஒப்பந்தமாயிற்று. பத்தாண்டில் நான்கு தொகுதிகள் வெளிவரவேண்டும் என்பது ஏற்பாடு.

அதுவரை சேர்ந்திருந்த கடுதாசித் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. ஒரு மூட்டையிற் செத்த எலியொன்றும், வேறொன்றிற் குட்டிகளோடு ஒரு சுண்டெலியும் இருந்தன. மறே பாடசாலை வளவில் இரும்புத் தகட்டாற் கொட்டகையொன்று அமைத்து, சுவரெங்கும் சிறு அறைகள் கொண்ட தட்டுகளைப் பொருத்தினார். ஆங்கிலம் பேசும் நாடுகளிலுள்ள மக்களுக்கு வேண்டுகோள் ஒன்றும் விடுத்தார். நூல்களை வாசியுங்கள், ஒரு சொல் வழங்கும் வாக்கியத்தையும், நூலின் பெயரையும், ஆண்டையும் ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள் என்பதே வேண்டுகோள். குருமார், ஆசிரியர், இல்லத்தரசியர் என நூற்றுக்கணக்கானோர் ஊதியமின்றி உழைத்தனர். அவருள் ஒருவர் மனநோயால் ஒரு கொலையைச் செய்து, பிரோட்மூர் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் மைனர். பல்லாண்டுகளாக அங்கிருந்தே அவர் அனுப்பிய மேற்கோள்கள் பல்லாயிரம்.

துண்டுகளைப் பிரித்தபோது மறே ஒரு வியப்பைக் கண்டார். வழக்கொழிந்த அரிய சொல்லொன்றுக்கு ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. அதனோடு இனமாகிய, எல்லாரும் வழங்கும் சொல்லுக்கு ஐந்தே இருந்தன. அருஞ்சொல் வாசகர் கண்ணிற் படுகின்றது; நாடோறும் வழங்கும் சொல் கண்ணிற் படுவதேயில்லை. கோட்றியின் காலத்தில் எளிய சொற்களுக்கு அகராதியில் இடமே இருக்கவில்லை. மறேயோ எளிய சொற்களைத் தேடும்படி மக்களிடம் இரந்து நின்றார். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் மொழியைப் பற்றிய அறிவு எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு இதுவே அளவுகோல்.

ஒப்பந்தமாகி ஐந்தாண்டு கழித்து, 1884ஆம் ஆண்டில் முதற் பகுதி வெளிவந்தது. 352 பக்கங்கள், ஆயின் 'ஏ' என்னும் முதலெழுத்தே முடியவில்லை, எறும்பைக் குறிக்கும் 'அன்ற்' என்னும் சொல்லோடு அது நின்றது. 1885ஆம் ஆண்டில் மறே குடும்பத்தோடு ஒக்ஸ்போர்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் வீட்டுத் தோட்டத்தில் இரும்புக் கொட்டகை எழுந்தது. அயலவர் பார்வைக்கு மறைப்பாகாதபடி அதன் தரையைத் தாழ்த்தவேண்டியிருந்தமையால், உள்ளே ஈரமும் குளிரும் மிகுந்தன. பிள்ளைகள் பதினொருவரும் வளர வளரத் துண்டுகளை அடுக்கிக் கைச்செலவுக்குச் சில்லறை சம்பாதித்தனர். ஹென்றி பிறட்லி, வில்லியம் கிறேகி, சாள்ஸ் ஒனியன்ஸ் என்போர் பின்னர் இணையாசிரியராயினர். 1915ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நூல் முடியுமுன்னரே, மறே காலமானார். 1928ஆம் ஆண்டு ஏப்ரலில் இறுதிப் பகுதி வெளிவந்தது. பத்தாண்டு என்று தொடங்கியது ஏறக்குறைய ஐம்பதாண்டாயிற்று. 4,14,825 சொற்களும் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதில் அடங்கின.

அத்துணைப் பேருழைப்பும் மக்கள் நாவை முந்த முடியவில்லை. குடல்வாலழற்சியைக் குறிக்கும் 'அப்பென்டிசைற்றிஸ்' என்னும் சொல் மருத்துவருக்கே உரியதெனக் கருதப்பட்டு முதற் தொகுதியில் விடப்பட்டது. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நோயினால் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழா தள்ளிவைக்கப்பட்டபோது, அச்சொல் ஒரே நாளில் எல்லார் வாயிலும் புகுந்தது. அகராதியில் மாத்திரம் இல்லை. 1933ஆம் ஆண்டு வெளிவந்த அனுபந்தம் இத்தகைய குறைகளைத் தீர்க்க முயன்றது. 1989ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக விரிந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அது இணையத்தில் இடையறாது திருத்தப்பட்டு வருகின்றது. முடிந்த அகராதி என ஒன்று இல்லை என்பதை இன்று அதனை ஆக்குவோரே ஒப்புக்கொண்டனர்.

இவ்வகராதியில் இலங்கையின் பெயரும் மறைந்து நிற்கின்றது. அராபியர் இத்தீவைச் சரந்தீப் என்றனர். சரந்தீப் அரசனின் மைந்தர் மூவர் கதை 1557ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. அம்மூவரும் தேடாதவற்றைத் தற்செயலாகவும் கூர்மதியாலும் கண்டறிந்து செல்வர். அக்கதையை நினைந்து, ஹொறஸ் வோல்போல் என்னும் ஆங்கிலப் பிரபு 1754ஆம் ஆண்டு ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'செரண்டிப்பிற்றி' என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். ஜோன்சனின் அகராதி வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு நிகழ்ந்தது இது. ஆயினும் கடிதத்துள் ஒளிந்திருந்த சொல்லை ஜோன்சன் எவ்வாறு அறிவார்? நெடுங்காலம் உறங்கிய அச்சொல் ஒக்ஸ்போர்ட் அகராதியில் இடம்பெற்று, இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. இன்று பலரும் அதனை வெறும் தற்செயலைக் குறிக்கவே வழங்குகின்றனர். வோல்போல் வற்புறுத்திய கூர்மதி நழுவிவிட்டது. சொல்லைப் பெற்ற தந்தைக்கும் அதன்மேல் அதிகாரம் இல்லை.

தமிழ்ச் சொல்லொன்றின் கதையும் இத்தகையதே. மரங்களைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையிற் கடலோடிகள் கண்டனர். வில்லியம் டம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பயண நூலில் அதனைக் குறித்தார். இன்று ஆங்கிலத்தில் 'கற்றமரன்' என்றால், இரு தனி உடல்களைக்கொண்டு விரைந்து செல்லும் நவீனப் படகே பெரும்பாலும் மனக்கண்ணில் தோன்றும். மரமும் இல்லை, கட்டும் இல்லை, பெயர் மாத்திரம் உண்டு. அது பிழையென்று ஆங்கிலேயரோடு வழக்காடித் தமிழ் மீனவர் வெல்ல முடியாது. ஆங்கிலச் சொற்கள் தமிழிற் புகுந்து தம் பொருளை மாற்றிக்கொள்ளும்போது ஆங்கிலேயரும் அவ்வாறே வழக்காட முடியாது.

மறே தம் கொட்டகையை அமைப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலும் சொற்களைத் திரட்டும் வேலை நடந்தது. ஆங்கில மிசனரியான யோசப் நைற் தொடங்கிவைத்த தொகுப்பை, உடுவிலிற் பணியாற்றிய அமெரிக்க மிசனரியான மிறன் வின்ஸ்லோ தமிழ்ப் பண்டிதர் துணையோடு வளர்த்து, 1862ஆம் ஆண்டில் சென்னையிலே தமிழ்-ஆங்கிலப் பேரகராதியாக வெளியிட்டார். சொற்கள் 67,000க்கு மேல். உயர்தமிழ், பொதுமக்கள் தமிழ் ஆகிய இரண்டையும் உட்கொண்டது என அதன் தலைப்பே கூறுகின்றது. ஏட்டுச் சொல்லும் நாட்டுச் சொல்லும் ஒரு பந்தியில் அமர்ந்தன.

அங்ஙனமாயின், மொழியிற் பிழை என ஒன்று இல்லையா? எவரும் எவ்வாறும் எழுதலாமா? அன்று. ஒரு காலத்தில், ஓரிடத்தில் வாழ்வோர் ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் எனத் தம்முள் இசைந்திருக்கின்றனர். அவ்விசைவை அறியாது எழுதுபவன் விளங்கப்படமாட்டான். அதுவே அவன் பிழை. மாணவன் இக்கால இசைவைக் கற்றேயாகவேண்டும். ஆசிரியர் அதனைக் கற்பித்தேயாகவேண்டும். ஆயின் அவ்விசைவு நேற்று வேறாயிருந்தது, நாளை வேறாகலாம் என்பதையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்பவரே முழு ஆசிரியர். பழைய நூலை இக்காலப் பொருளால் அளப்பதும், இக்கால வழக்கைப் பழைய நூலால் அடக்க முயல்வதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

கோட்றி சொல்லை விளக்கினார். ஜோன்சன் சொல்லை ஆளப் புறப்பட்டு, தம்மால் இயலாதென்று நாடறியச் சொன்னார். மறே சொல்லைப் பேசியவர் அனைவரையும் சாட்சிக்கு அழைத்து, அவர் கூறியதை ஆண்டு வரிசைப்படி எழுதிவைத்தார். எனவே, வாதம் மூண்டபோது விரிக்கப்படும் அகராதி நீதிபதியன்று. அது சாட்சிகளின் வாக்குமூலம். அதனை விரிப்பவர் இச்சொல்லின் பொருள் யாது என்று வினவுவதோடு நில்லாது, யார், எக்காலத்தில், எவ்விடத்தில் இப்பொருளில் வழங்கினர் என்றும் வினவுவராயின், அவர் வாதத்தில் வெல்லாவிடினும் அந்தச் சொல்லை அறிந்தவராவார்.